முதுகு காட்டி உட்கார்ந்தவன்

செங்கம் ரோட்டில் வேதாவின் காபிக் கடைச் சுவரில் தொங்குவதெல்லாம் முருகையன் வரைந்த படங்கள்தான். ஆசிரமத்துக்கு வந்து, கடையின் மாடி அறையிலேயே தங்கிவிட்ட அந்த ஓவியர் எதிரே நிற்கும் மலையை ஒருமுறைகூட வரைந்ததில்லை. அடிக்கடி கடலூர் போய்வருவார். கவிழ்த்துப் போட்ட படகுகள், மீன் விற்றுத் தீர்ந்த கூடைக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள், மழைக்கு முந்திய வெளிச்சம். கண்ணில் பட்டதற்கு மேல் ஒரு காக்கையைக்கூடச் சேர்க்கமாட்டார்.

அன்று காலை புதுப் படத்தை மாட்டும்போது வேதாவின் கை நின்றது. அலையோரம் ஒருவன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். இடது தோள் சற்றுத் தூக்கியிருந்தது. பைக்கில் விழுந்து எலும்பு கூடிய பிறகு அவள் தம்பி அருண்பிரசாத் அப்படித்தான் உட்காருவான். போன வருடம் நண்பர்களோடு புதுச்சேரிக் கடலில் இறங்கியவன். உடல் கிடைக்கவில்லை.

"இவரு யாரு சார்?"

"தெரியலம்மா. நான் வரைஞ்சி முடிக்கிற வரைக்கும் அசையவேயில்ல. முகத்த பாக்கல."

வேதா படத்தைக் கழற்றுவதற்குள் அம்மா காசியம்மாள் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். அழவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவனுக்காடி காரியம் பண்ணணும்னு சொன்னீங்க?"

மறுநாள் மூவரும் கடலூர் பஸ்ஸில் இருந்தார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அது அவனாக இருக்காதோ என்ற பயம் வேதாவுக்கு இல்லை. அவனாகவே இருந்தால்? இத்தனை நாள் எங்கே இருந்தான், ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை? கேட்டால் என்ன சொல்வான்? அந்தப் பதிலுக்குத்தான் அவள் பயந்தாள்.

கரையில் வெயில் தாழ்ந்திருந்தது. வலை பிரிப்பவர்கள், சுண்டல் விற்பவர், காலை நனைத்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள். முருகையன் இடத்தைக் காட்டுவதற்கு முன்பே அம்மா மணலில் இறங்கி நடந்தாள். பிறகு நின்று, வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"அருணு..."

வலைக்காரர்கள் திரும்பினார்கள். சுண்டல்காரர் திரும்பினார். குழந்தைகள் திரும்பின. படகு நிழலில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கியது.

தூரத்தில், அலையோரம் உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் திரும்பவில்லை. மெல்ல எழுந்து, பின்னால் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே நின்றான்.