மேகத்துக்கு மதிப்பெண் பூஜ்யம்

உயர் அழுத்த மின்கம்பி எந்த வழியாகப் போகலாம் என்று வரைபட மென்பொருளில் பார்த்துச் சொல்வது என் வேலை. பார்த்துச் சொல்வது என்றால் முடிவெடுப்பது என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவெடுக்கிற இடத்தில் இருந்தால் முதலில் என் நாற்காலியை மாற்றியிருப்பேன். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போயிற்று. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் தேவலை, பிறகு மறுபடியும் மணல் விழுந்த மாதிரிதான்.

வேலை ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுவோம். வீட்டுக்குப் பத்து, ஏரிக்கு எட்டு, வயலுக்கு மூன்று, தரிசுக்கு ஒன்று. பள்ளிக்கூடம் பக்கம் போகவே கூடாது. மொத்த மதிப்பெண் எந்த வழியில் குறைவோ அந்த வழியில் மென்பொருள் ஒரு கோடு இழுக்கும். கோட்டுக்கு அடியில் வீடு இருந்தால் இடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நிறைய மதிப்பெண் வாங்கியவன் பிழைப்பான் என்பது இங்கே மட்டும் சத்தியமான உண்மை.

ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

“ஏண்டி, உன் கம்பி எங்க பக்கம் வருதாமே? நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க.”

“என் கம்பி இல்லக்கா. கம்பெனிக் கம்பி.”

“எதுவோ ஒண்ணு. நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஆறு வீட்டு மேலயும் போகுதாம். அத்தனை பேரும் இப்ப நம்ம வாசல்லதான் நிக்கிறாங்க. உன் தங்கச்சி அங்கதானே வேலை பாக்குறா, கேட்டுச் சொல்லுன்னு உசுர எடுக்கிறாங்க.”

“நம்ம வீடு?”

“நம்ம வீடு தப்பிச்சிடுச்சு. அதுக்காகக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துக்க முடியுமா? அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும்னா பின் வீட்டுப் பொண்ணுதான் ஓடி வர்றா. என்ன ஏதுன்னு ஒழுங்கா பாரு.”

அம்மா விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். தரையோடு தரையாக இருக்கிற வீடு. சக்கர நாற்காலி நுழைவதற்காக மாமா எல்லா வாசலையும் இடித்து அகலமாக்கினார், குளியலறை வாசல் உட்பட. நான் இருப்பது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. லிஃப்ட் கிடையாது. அதனால் அம்மாவை அக்கா பார்த்துக்கொள்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய் நகம் வெட்டிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வருகிறேன். அந்த வீடு இருக்கிறவரை வண்டி இப்படியே ஓடும். அது இல்லாமல் போனால் அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசிக்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

ஆறு வீட்டின் மேல் கோடு போகிறது என்றால் எங்கேயோ உதைக்கிறது. அவ்வளவு மதிப்பெண்ணை மென்பொருள் சும்மா முழுங்காது. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீடுகளே இல்லை. அக்கா வீடு ஓரத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரே வெள்ளை. மூலப்படத்தைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. செயற்கைக்கோள் படம் எடுத்த அன்று அங்கே ஒரு மேகம் நின்றிருக்கிறது.

கீழே இருப்பது தெரியாததால், வரைந்தவர்கள் ‘தகவல் இல்லை’ என்று விட்டுவிட்டார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மென்பொருள் அதை ‘ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பூஜ்யம் போட்டுவிட்டது. தரிசுக்குக்கூட ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம், நடுவில் எப்படி நுழைவது என்று தவித்துக்கொண்டிருந்த கோடு, ஓசியில் வழி கிடைத்ததும் குஷியாக உள்ளே போய்விட்டது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் மேகத்தைக் காலி மனை என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் நேர்கோடு. கோடு வளைந்தால் அவர் முகமும் கோணிக்கொள்ளும். மேகத்தையும், பக்கத்தில் இருப்பது அக்கா வீடு என்பதையும் அவரிடம் போய்ச் சொன்னேன்.

“நாளைக்கு மீட்டிங்க வெச்சுக்கிட்டு இப்ப வந்து மேகம்ங்கறீங்களே” என்று தலையில் கை வைத்தார். “சரி, சீக்கிரம் முடிங்க.”

மேகம் இல்லாத வேறொரு படத்தைத் தேடி எடுத்தேன். ஆறு கூரையும் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு மூலையாகச் சொடுக்கி வரைந்தேன். ஒரு மொட்டைமாடியில் ஏதோ சிவப்பாகக் கிடந்தது. பின் வீட்டுப் பெண் உலர்த்திய போர்வையாக இருக்கலாம். அக்காவிடம் நல்ல செய்தி சொல்லப்போகிறோம் என்று கொஞ்சம் உற்சாகம்கூட வந்தது. மறுபடி கணக்கிடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கோடு ஆறு வீட்டையும் விட்டு விலகியிருந்தது. விலகி, அக்கா வீட்டின் மேல் ஏறியிருந்தது.

காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மாமா அந்த வீட்டைத் தள்ளித் தனியாகக் கட்டினார். நெருக்கியடித்து நிற்கும் ஆறு வீட்டைத் தொடுவதைவிடத் தனி வீடு ஒன்றைத் தொடுவது மலிவு. கணக்கில் பிழையில்லை. இருந்தாலும் மறுபடி ஓட்டினேன். ஏரியின் எட்டை ஏழாக்கிப் பார்த்தேன், ஆறாக்கிப் பார்த்தேன். கோடு அசைந்து கொடுக்கவில்லை. அதற்கு மேல் குறைத்தால் அது கணக்கில்லை, களவாணித்தனம்.

நேர்கோடு என் பின்னால் வந்து நின்று நெடுநேரம் பார்த்தார்.

“இது உங்க அக்கா வீடுன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா சார்.”

“அம்மாவும் அங்கதானே?”

“ஆமா.”

குரலைத் தாழ்த்தினார். “பழைய பாதையே இருந்துட்டுப் போகட்டும். மேகம் இருந்துச்சுன்னு உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். எனக்கும் இதை மறுபடி வரையத் தெம்பில்ல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

கெட்ட மனுஷர் இல்லை. அவரும் என்னைப் போல ஓய்ந்துபோனவர்தான். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நியாயம், தர்மம் என்று பெரிதாகப் பேசுகிற ஆள் நான் இல்லை. ஆனால் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க எனக்கு வராது. அந்தச் சிவப்புப் போர்வையை வேறு பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

“புதுசையே அனுப்புங்க சார்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

படிக்கட்டு ஓரமாக நின்று அக்காவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“என்னடி ஆச்சு? ஆறு வீடும் தப்பிச்சுதா?”

“தப்பிச்சுதுக்கா.”

நான் அடுத்த வார்த்தை எடுப்பதற்குள் வாசல் பக்கம் திரும்பிக் கத்திச் சொல்லிவிட்டாள். அங்கே ஒரே ஆரவாரம். யாரோ கைதட்டினார்கள்.

“உன்கிட்டப் பேசணுமாம் எல்லாரும்.”

“வேண்டாம்க்கா. நீ கொஞ்சம் உள்ள போயேன்.”

“உள்ளதான் இருக்கேன், அம்மா பக்கத்துல. சொல்லு.”

“கோடு இப்ப நம்ம வீட்டு மேல வருது.”

வாசல் சிரிப்புச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாம்க்கா” என்றேன். “ஆனா ஆறு வீட்டுக்கு ஒரு வீடுன்னா…”

“புரியுது” என்றாள். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டாள். “அந்த ஆறு வீட்டுலயும் எல்லாரும் எந்திரிச்சு நடக்கிறவங்கடி. அதுக்கு உன் கணக்குல மார்க் எதுவும் கிடையாதா?”

கிடையாது. வீடு என்றால் பத்து, அவ்வளவுதான்.

அப்போது கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. வாசலில் என்ன இத்தனை சந்தோஷம் என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றாள் அக்கா. “உன் சின்னப் பொண்ணு எல்லார் வீட்டையும் காப்பாத்திட்டாளாம்.”