எந்தக் கதவு

1

மாலை நாலேகால். நான் எழுதும் மேசையின் மறுபாதியில் போர்வையை விரித்து, என் தம்பி தன் சீருடைச் சட்டையை இஸ்திரி போடுகிறான். இந்தக் கதை பிறந்தது அந்தச் சட்டையால்தான். நாளைக் காலை அதைப் போடுவானா என்று அவனுக்கே தெரியாது.

அவன் பேருந்து ஓட்டுநர். போன மாதம் மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியைச் சாலையோர மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். உள்ளே இருந்த யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து டெப்போவில் அவன் பெயர் ஹீரோ.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மலைச்சாலையில் இருள் கவிந்து— (நடந்தது பட்டப்பகலில்.)

அவன் கண்களில் அச்சத்தின் நிழல்கூட— (நான் பார்க்கவில்லை. கேட்டேன். "கண்ணாடி பாக்க ஏதுக்கா நேரம்?" என்றான்.)

சிறு வயதிலிருந்தே அவன்— (சிறு வயதில் பல்லியைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவான். இதைக் கதையில் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.*)

* சேர்த்துவிட்டேன்.

3

நாயகனுக்கு ஒரு பாதை உண்டு என்று படித்திருக்கிறேன். அழைப்பு வரும். தயங்குவான். கிளம்புவான். சோதனையில் விழுவான். வேறு ஆளாகத் திரும்புவான். அங்கே கதை முடியும்.

என் தம்பியும் வேறு ஆளாகத்தான் திரும்பினான். ஆனால் அவனுக்கு மறுவாரமே ட்யூட்டி இருந்தது. பாதை வகுத்தவர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

4

மலை வழித்தடத்தை விட்டு, தற்காலிகமாக ஊருக்குள் ஓடும் வண்டியைக் கொடுத்தார்கள். கதைக்காக ஒருநாள் நானும் ஏறினேன்.

ஒவ்வொரு நிறுத்தம் வருவதற்கும் வெகு முன்பே அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி ஊர்ந்து ஊர்ந்து, நிறுத்தத்துக்கு இப்பாலேயே நின்றது. நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் வண்டியை நோக்கி ஓடிவந்தார்கள்.

"ஹீரோ, ஸ்டாப் அங்க இருக்கு, நாம இங்க இருக்கோம்" என்றார் நடத்துநர்.

"தெரியுதுண்ணே."

"தெரிஞ்சா சரி. நான் ஏதோ ஸ்டாப்பை நகத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

இரண்டு பைகளோடு இறங்கிய ஒரு அம்மாள் அவன் ஜன்னலருகே நின்றார். "தம்பி, இன்னும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தினீங்கன்னா நான் ஏறின இடத்துலயே இறங்கிக்குவேன்."

வண்டியே சிரித்தது. அவனும் சிரித்தான். பிரேக்கின் மேலிருந்த காலை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த சிக்னலில் விளக்கு பச்சைக்கு மாறிய பிறகும்.

5

டெப்போ மேலாளர் நல்லவர். இரண்டு வழி சொன்னார். மறுபடி மலை வழித்தடம்; அல்லது பட்டறையில் பிரேக் பிரிவு. எங்கள் ஊர் மலைமேல்; பட்டறை மலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே போகவும் அதே வழித்தடத்தின் காலை வண்டிதான். நாளை பதில் வேண்டும்.

முடிவு ஒன்று. ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறுகிறான். இறக்கத்தில் தேவையான இடத்தில் மட்டும் பிரேக்கை மிதிக்கிறான். அடிவார நிறுத்தத்தில், கம்பத்தை உரசாத குறையாக வண்டி நிற்கிறது. நடத்துநர் முதல்முறையாக ஸ்டாப்பின் பெயரை மட்டும் சொல்கிறார்.

வாசித்துக் காட்டினேன். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டான்.

"நல்லா இருக்குக்கா. யாரு இவன்?"

முடிவு இரண்டு. பயணிகள் கதவில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பட்டறைக்குப் போகிறான். ஓட்டுநர் இருக்கையில் வேறொருவர். அவன் சரிபார்த்த பிரேக்குகளை நம்பி வண்டிகள் மலையேறுகின்றன.

"அப்ப தினமும் அந்த இறக்கத்துல அடுத்தவன் காலை நம்பி உட்காரணுமேக்கா."

தேநீர் கொண்டுவந்த தம்பி மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இதுல எங்கயாவது அவர் தூங்குறாரா?"

"அதை எழுதலையேம்மா."

"எந்த முடிவா வேணா இருக்கட்டும். அதை மட்டும் எழுதிடுங்க."

அவன் சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டான். ஏற்கெனவே தேய்த்த காலர்.

6

'அச்சத்தை ஒப்புக்கொள்வதே உண்மையான வளர்ச்சி.' இப்படி ஒன்று எழுதினேன். நாட்காட்டித் தாளில் அச்சடிக்கிற வாக்கியம். அடித்துவிட்டேன். 'அச்சத்தை வெல்வதே' என்று மாற்றிப் பார்த்தேன். அதே நாட்காட்டி, அடுத்த தாள்.

"நீயே முடிவு பண்ணி எழுதுக்கா" என்றான். "நான் அப்படியே செஞ்சிடுறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவன் முகம் எனக்குத் தெரியும். பல்லி இருந்த மூலையைக் காட்டும்போதும் இப்படித்தான் பார்ப்பான்.

தான் எழுதியபடியே ஒருவன் நடக்க வேண்டும் என்று ஆசைப்படாத எழுத்தாளர் உண்டா? எனக்கு அது வாய்த்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நீங்கள் எழுதலாம். இடம் விட்டிருக்கிறேன்:

(                                        )

ஒன்று மட்டும். நாளைக் காலை அந்த வண்டியில் நீங்களும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். சட்டையை என் நாற்காலியின் முதுகில் மாட்டினான். சூடு இன்னும் இருந்தது, தோளில் பட்டது.

"வண்டிக்கு ரெண்டு கதவுக்கா. நாளைக்கு நான் எதுல ஏறட்டும்?"