கண்ணாடியில் இடது கை

…பட்டாணி அளவு போதும் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது, இவளோ பற்பசை இனிக்கிறது என்று பிதுக்கிக்கொண்டே இருக்கிறாள், அக்கா மகள், குளியலறை முக்காலியில் ஏறி நின்றால் என் தோள் உயரம் வருகிறாள், கண்ணாடியில் எங்கள் இரண்டு முகமும்… எனக்கு அரை முகம்தான், மீதியை இடது கை மூடியிருக்கிறது, அது எப்போது போய் அங்கே உட்கார்ந்தது, என்னைக் கேட்டா போகிறது… "சித்தி, கடவாய்ப் பல்லுல பூச்சி இருக்குன்னியே, அதுக்கு அம்மா இருக்கா?" "பேசாம தேய்டி, எச்சில் வழியுது." "அப்போ தனியாவா இருக்கு?" தனியாகத்தான் இருக்கும், இருட்டில், யாராவது வாயைத் திறந்தால்தானே அதற்கு வெளிச்சம்…

நேற்று இவள் பள்ளியிலிருந்து வகுப்புப் படம் வந்தது, எல்லாப் பிள்ளைகளும் ஈ என்று இளிக்க, இவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "என்னடி, போட்டோக்காரர் உன்னைக் கொட்டாவி விட வெச்சுட்டாரா?" என்று அக்கா சிரித்தாள். "சிரிக்கும்போது இப்படித்தாம்மா கை வெக்கணும், சித்தி வெப்பாள்ல." அக்கா என்னைப் பார்க்காமல் படத்தைக் கவிழ்த்து வைத்தாள், திட்டியிருக்கலாம், திட்டாததுதான் சுட்டது… மேலே, கீழே, வட்டமாக, ஈறு நோகாமல், கடைசியில் நாக்கு, எல்லாம் நான் வாயால் சொல்லிக்கொடுத்தது, இந்தக் கையை யார் சொல்லிக்கொடுத்தது? நானேதான், தினம் காலையில், ஒரு வார்த்தை பேசாமல்.

எனக்கு முன்பல் ஒன்று கறுப்பு, இரண்டு பக்கமும் சந்து. வகுப்பில் 'பியானோ' என்றார்கள், வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கட்டையாம், நான் பாடம் வாசிக்க எழுந்தால் கடைசி பெஞ்சில் விரல்கள் மேசைமேல் ஓடும், டீச்சருக்குக் கேட்காது, எனக்கு மட்டும் கேட்கும். முதலில் தலைவலி என்றேன், பிறகு வயிற்றுவலி, பிறகு யாரும் காரணம் கேட்பதை விட்டுவிட்டார்கள், பள்ளிக்கூடமும் விட்டுப்போயிற்று, வீட்டுச் சாமான்களோடு நானும் ஒரு சாமான்… இவளுக்கும் ஒரு கடைசி பெஞ்ச் இருக்குமா? இவளுக்குத்தான் அரிசி அரிசியாகப் பற்களாயிற்றே, எதை மறைக்கிறாள்?

"இங்க பாரு," என்றேன், கையை இறக்கிக் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு, இல்லாவிட்டால் ஏறிவிடும், "ஈ…" முழுசாக. அவள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள், இதோ சிரிக்கப்போகிறாள், இதோ… சிரிக்கவில்லை, தன் பிரஷை என் கறுப்புப் பல்லில் வைத்து வட்டமாக, மெதுவாக, "நோவுதா சித்தி?" இல்லை என்று தலையாட்டினேன், கண் ஏன் கலங்குகிறது, பற்பசை காரம் என்றும் சொல்ல முடியாது, பிள்ளைகளுக்கான இனிப்புப் பற்பசை. "போகல, கறுப்பாவே இருக்கு," என்றாள், "நாளைக்கும் தேய்ப்போம்."

"முடிஞ்சுதா இல்லையா? வண்டி வந்துடும்!" அக்கா கதவைத் தள்ளிய அதே நொடியில் என் கை குழாயை விட்டு மேலே போய்விட்டது, பார், எவ்வளவு பழகிய கை… கண்ணாடியில் இவள் என் பல்லைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் ஈரக் கையைப் பாதி தூக்கியபடி, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதுபோல.