வேதமணி நின்ற வயல்

வேதமணி வரப்பில் பசியோடு நின்றால் அந்த வயலில் புகையான் பூச்சி சாறு உறிஞ்சுவதில்லை. பூச்சி வரும், நெல் தண்டில் உட்காரும், மூக்கைக் குத்தும். உள்ளே இழுக்க மட்டும் அதற்கு மனம் வராது. சாறு நிறைந்த தண்டின் மேலேயே பட்டினி கிடந்து உதிரும். தளேகாவ் கம்பெனி ஒன்றில் அவர் வருடக்கணக்காகப் பார்த்த வேலை அப்படி. பூச்சி தீண்டாத நெல் ரகங்களின் தண்டை அரைத்து, அதில் இயல்பாகவே ஊறும் கசப்பை வடித்தெடுப்பார்கள். விஷம் கிடையாது. கம்பெனியை மூடிய பிறகும் கசப்பு அவர் வியர்வையில் தங்கிவிட்டது. தாபோடியில் இருந்த அவர் வீட்டில் கொசுவத்தி வாங்குவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

மைத்துனன் டெக்ஸ்டர்தான் அதைக் காசாக்க ஒரு வழி பார்த்தான். மாவள் பக்கம் நெல் போடுகிறவர்களிடம் பேசி, ஆகஸ்டில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினான். காலையில் குறையில்லை. மத்தியானம் மனைவி சோனியா கட்டிக்கொடுத்த டப்பாவை அவர் காலி செய்ததும் பூச்சி உறிஞ்சத் தொடங்கியது; பொழுது சாய்வதற்குள் வயல் நடுவே வட்டமாகத் தீய்ந்துபோயிற்று. மறுநாளும் அப்படியே. வயிறு காலியாக இருந்தால்தான் கசப்பு வெளியே வரும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. "அண்ணா, ஜேவண் நக்கோ," என்று வயல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். சாப்பாடு வேண்டாமாம்.

"அறுப்பு வரைக்கும்தான் அத்தான்," என்றான் டெக்ஸ்டர்.

"உனக்கென்னடே, வடாபாவ் தின்னுட்டு வந்து பேசுத."

சோனியா நடுவில் புகுந்தாள். "லெந்து நோம்பு நாள்னு நெனச்சிக்கிடுங்களேன். நம்ம மவ டானியாவுக்கு காலேஜ் சீட்டு பாக்கணும்லா."

"லெந்துன்னா நாப்பது நாளுட்டீ. இது நெல்லு."

சொல்லிவிட்டு நின்றார். மழையிலும் நின்றார். தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். செப்டம்பர் கடைசியில், ஒரு வாய் சோறு வேண்டும் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். சோனியா மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். டப்பாவைத் திறந்ததும் அவர் வாயைத் திறந்தார். அவள் வயலைப் பார்த்தாள்; கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. டப்பாவை மூடினாள். திரும்பும் பஸ்ஸில், வீணாகப் போகக் கூடாதே என்று, அழுதுகொண்டே அவளே சாப்பிட்டாள்.

அறுப்பு முடிந்த அன்று அந்த வயலின் புது அரிசியை வடித்துத் தன் கையாலேயே ஊட்டினாள். சோறு நாக்கில் கிடந்தது. அவர் மென்றார், கண்ணை மூடி ருசி பார்த்தார், விழுங்க மட்டும் முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் கோளாறு ஏதுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். அவர் சாகவில்லை. அடுத்த வருடம் கூடுதலாக நாலு வயல் கிடைத்தது. டப்பா கட்டும் வேலை இல்லை, அவர் சாப்பிட்டுவிடாமல் பார்க்கக் காவலுக்கும் ஆள் தேவைப்படவில்லை. டானியாவுக்கு சீட்டு கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் தாபோடிக்கு வந்திருந்தார்கள். பந்தி தொடங்குமுன் வேதமணியை நாற்காலியோடு தூக்கி பிரியாணி அண்டாவின் பக்கத்தில் வைத்தார்கள். கடைசி ஆள் கை கழுவும்வரை ஒரு ஈ உட்காரவில்லை.