கடலைத் துரத்திய கால்வாய்

என் தம்பி ஓங்கர்பாய் நுகுஸ் நகரில் ஆற்று நீரை அளக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தான். எங்கள் மீன்பிடி ஊரான முய்னாக்கில், அந்த ஆறு வந்து விழும் கடல் பின்வாங்க ஆரம்பித்ததும் எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள்.

"ரெண்டு வருஷம் பொறுங்க. ஆத்துல தண்ணி வந்துரும்" என்றான்.

தொலைவில் இருந்த பால்காஷ் ஏரியில் மீன்பிடிக்க ஆள் எடுத்தார்கள், வீடும் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் போய்விட்டார்கள். தம்பி பேச்சை நம்பி என் கணவர் தோலிபாய் படகோடு இருந்துவிட்டார். மிஞ்சியவர்கள் படகு போகத் துறையிலிருந்து தண்ணீர்வரை கால்வாய் வெட்டினார்கள். வெட்டி முடிப்பதற்குள் கடல் இன்னும் தள்ளிப் போயிருக்கும். பனி உருகியதும் மறுபடி மண்வெட்டியைத் தூக்குவார்கள். ஆறு வருஷத்தில் அவர் இடுப்பு போயிற்று.

நான் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இருந்தேன். ஒருநாள் லாரியில் வந்த பெட்டியை உடைத்தால், பெயர்கூடத் தெரியாத மீன், கல்லாய் உறைந்து கிடந்தது. இங்கே மீன் கிடைக்காமல் பசிபிக்கிலிருந்து வருகிறதாம்.

"நம்மளவிட நல்லா ஊர் சுத்தியிருக்கு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஓங்கர்பாய் வந்தான். சாப்பிட்டு முடித்ததும், "மாமா, பருத்திப் பண்ணையில ஆள் எடுக்கறாங்க. உங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றான்.

"தண்ணி வந்துரும்னியே, மாப்ளே."

"வராது."

"எப்பலேருந்து தெரியும்?"

அவன் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முதல்லேருந்தே. ஆத்தைப் பருத்திக்குத் திருப்பினப்பவே கடல் வத்தும்னு கணக்குப் போட்டுட்டாங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு உத்தரவு."

"அப்புறம் எதுக்குடா இருக்கச் சொன்னே?" என்றேன்.

"எல்லாரும் ஊரைவிட்டுப் போயிட்டா பருத்திக்கு ஆள் வேணுமேக்கா."

என் கணவர் குரலை உயர்த்தவில்லை. "நான் குனிஞ்சு மண்ணு வெட்டறதைக் கரையில நின்னு பாத்தியே. எங்களோட உக்காந்து ரொட்டி தின்னியே" என்றார். பிறகு அவனுடைய தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்துக் கதவைத் திறந்தார்.

பால்காஷுக்கு எழுதிப் பார்த்தோம். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. மறு வருஷம் ஆலையில் பாதிப் பேரை நிறுத்தினார்கள், என்னையும் சேர்த்து. அதே பருத்திப் பண்ணைக்குத்தான் போனோம். வயலோரம் வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. முதல் நாள் என் கணவர் அதன் அருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முகம் கழுவக்கூட அதில் கை வைக்கவில்லை.

ஓங்கர்பாய் மாதாமாதம் கடிதம் போடுகிறான். படிக்கிறேன். பதில் எழுத மனசு வரவில்லை.