நல்ல வயிறு

என் கணவருடைய மலத்தைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், தட்டில் பிசைந்துகொண்டே கேட்பார், "இன்னிக்கு எப்படிடா, நல்லா உருவமா போச்சா?" அவர் மனைவி, என் ஓர்ப்படி, பருப்புக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருப்பாள். இவரும் கொஞ்சமும் கூசாமல் நிறம் முதற்கொண்டு விளக்கிச் சொல்லுவார். கல்யாணமான புதிதில் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாமல் விழித்த மனுஷன் இவர்.

எல்லாம் மூத்தார் மகளுக்காக ஆரம்பித்தது. கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். ரத்தம் ரத்தமாகப் போய், துணி காயப்போடும் கம்பி மாதிரி ஆகிவிட்டாள். சாப்பிடாத மருந்தில்லை. அப்போதுதான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றித் தெரிய வந்தது. ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை எடுத்துச் சுத்தப்படுத்தி, அதிலிருக்கிற நல்ல கிருமிகளை மட்டும் பிரித்து, கேப்ஸ்யூல் மாத்திரைக்குள் அடைத்து நோயாளிக்கு விழுங்கக் கொடுப்பார்களாம். அந்தக் கிருமிகள் குடலில் குடியேறிப் புண்ணை ஆற்றுமாம்.

யாருடைய வயிறு ஒத்துவருகிறது என்று இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் எல்லாரையும் சோதித்தார்கள். மூத்தார் விடிந்தால் ஓடுகிறவர், வெந்நீர் தவிர எதையும் தொடாதவர், உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர். அவர் வயிறு தேறவில்லை. தேறியது என் கணவர் வயிறு மட்டும்தான். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் அம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "இப்படி ஒரு வயிறு அமையறது ரொம்ப அபூர்வம். இவரோடதை வச்சு இன்னும் எத்தனையோ பேரைக் காப்பாத்தலாம்" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அதுவரைக்கும் அந்த வீட்டில் இவருக்குப் பெயர் தண்டம். செல்போன் உறை விற்கிற கடை வைத்தார், படுத்துவிட்டது. மீன்தொட்டி விற்றார், மீன்கள்கூட இவரை நம்பவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிற வேலைதான் வீட்டை ஓட்டியது. அண்ணன் வீட்டுக்குப் போனால் இவரை உட்காரச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் தேறினாள். என் கண்ணால் பார்த்தேன். கன்னத்தில் சதை பிடித்தது, மாடிப்படி ஏறினாள், வாய்விட்டுச் சிரித்தாள். மருந்து பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது, தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன்.

மலம் எனக்குப் புதிதும் இல்லை. ஒரு குழந்தையை வளர்த்திருக்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடந்த என் அப்பாவுக்கு எல்லாம் எடுத்திருக்கிறேன், ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. குமட்டியது இவர்கள் கொஞ்சிய கொஞ்சலில்தான். தண்டம் என்றவர் தங்கம் என்று கூப்பிட்டார். ஓர்ப்படி தினமும் காயும் பருப்பும் வேகவைத்து, அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகும்போது அன்றைய மலம் அடைத்த, ஐஸ் போட்ட நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். இவர் வெளியில் ஒரு டீ குடிக்கக் கூடாது. வெளியூர் போகக் கூடாது. நோயாளி இருக்கிற வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. முக்கியமாக, ஆன்டிபயாடிக் மாத்திரை எதுவும் வாயில் படக் கூடாது. பட்டால் கெட்ட கிருமியோடு நல்ல கிருமியும் செத்துப்போகும், வயிறு மறுபடி தேறுமோ தேறாதோ என்றார் மேற்பார்வையாளர் அம்மாள். எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மூக்கு ஒழுக அவள் அப்பா மடியில் ஏறினால் போதும், ஓர்ப்படி கையைப் பிடித்து இழுத்துவிடுவாள். "அப்பாவுக்கு ஒட்டிக்கும்டி, தள்ளி உக்காரு" என்பாள். பெற்றவளை வைத்துக்கொண்டே.

அப்புறம் பல் வலி வந்தது.

கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல். முதலில் மறைத்தார். ஒரு பக்கமாகவே மென்றார். கன்னம் வீங்கிய பிறகு மறைக்க முடியவில்லை. மதிய இடைவேளையில் கடையிலிருந்து ஓடி வந்து, இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். அவர் சின்ன வயசுக்காரர். விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "சீழ் வச்சிருக்கு. தாடைக்கு இறங்குது. இன்னிக்கே ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிடணும்" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றார் இவர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இவர் விளக்கினார். தன் வயிற்றின் பெருமையை, வாயைப் பாதிதான் திறக்க முடிந்த நிலையில், எச்சில் வழிய வழிய விளக்கினார். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றார். நான் சொல்லாமலா இருந்தேன்? வாங்கிய மாத்திரை என் கைப்பையிலேயே கிடந்தது.

சாயங்காலம் எங்கள் கூடத்தில் மாநாடு கூடிவிட்டது. மூத்தார், ஓர்ப்படி, மேற்பார்வையாளர் அம்மாள். அந்த அம்மாள் மிகவும் நல்ல மாதிரி பேசுகிறவர். அவர் பேசினால் எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை. முடிவு முழுக்க அவரோடதுதான்" என்றார். "அவர் அண்ணன் பொண்ணுக்கு ரெண்டாவது சுற்று மருந்து பாதியில நிக்குது. அது முடியற வரைக்கும் தாங்க முடியும்னா நல்லா இருக்கும். முடியலைன்னா, நாங்க தப்பா நினைக்க மாட்டோம்."

"முகத்தைப் பாருங்க. வீங்கிப் போய் உக்காந்திருக்காரு. தாங்கறதுக்கு இது என்ன பொதி மூட்டையா?" என்றேன்.

ஓர்ப்படி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் பொண்ணு மறுபடி ரத்தமா போனா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. கொஞ்ச நாள்தானே. நான் ஒண்ணும் அவரைச் சாகச் சொல்லலியே."

அந்த அழுகை நிஜம். அதுதான் என் வாயை அடைத்தது. தாய் அழுதால் என்ன சொல்ல முடியும்? ஆனால் அழுகிறபோதே அவள் கண் இவர் வயிற்றின் மேல்தான் இருந்தது. வீங்கிய கன்னத்தை அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உப்புத் தண்ணி கொப்பளிச்சா சரியாயிடும்" என்று தீர்ப்புச் சொன்னார் என் கணவர். மூத்தார் எழுந்து அவர் தோளைத் தட்டினார்.

எல்லாரும் போனபின் நான் பிடித்துக் கத்தினேன். அறிவிருக்கிறதா என்று கேட்டேன், பெண்டாட்டி பிள்ளை நினைப்பிருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஐஸ் துணியைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு சொன்னார், "எங்கண்ணன் என் பக்கத்துல வந்து உக்காந்தான், பாத்தியா? சின்ன வயசுலருந்து ஒரு நாள் உக்காந்ததில்லை."

எனக்குப் பரிதாபமாகவும் இருந்தது, பளார் என்று அறையலாம் போலவும் இருந்தது. வீங்காத கன்னத்தில்தான்.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவரால் வாயைத் திறக்கவே முடியவில்லை. வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டிருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. நான் மூத்தாருக்குப் போன் செய்து காரைக் கொண்டுவரச் சொன்னேன். குறை சொல்லக் கூடாது, உடனே வந்தார்கள். ஓர்ப்படி பின்சீட்டிலிருந்து இறங்கினாள். கையில் நீலப் பெட்டி.

"ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஊசி போட்டுடுவாங்க" என்றாள். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை, கடைசியா."

"அக்கா, அவரால மூச்சு விட முடியலை."

"அதான் சொல்றேன், சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பலாம்."

நான் அவளைத் தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் இவரே கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் முக்குவதும், மூச்சுக்குத் திணறுவதும், மறுபடி முக்குவதும் கேட்டது. கூடத்தில் மூத்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கழிப்பறை வாடையை நான் குறை சொல்ல மாட்டேன்.

கதவு திறந்தது. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர்ப்படி இரண்டு கையையும் நீட்டினாள். பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவரைப் பிடித்தவள் நான்தான்.

வாசலுக்கு வந்தபோது மூத்தார் தயங்கினார். "ஆராய்ச்சிக்கூடம் அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். இது உடனே போய்ச் சேரணும்மா, இல்லைன்னா வீணாயிடும். உங்களுக்கு ஒரு டாக்ஸி சொல்லிடறேன். அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் கையை ஆட்டினார். போங்க, போங்க என்று. ஓர்ப்படி எங்கள் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டாள். "குழந்தையை நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாம அவரைக் கவனி" என்றாள். அந்த நேரத்தில் அதாவது ஒரு உதவியாகப் பட்டது. கார் கிளம்பிப் போனது. பின்சீட்டில் என் மகளுக்கும் ஓர்ப்படிக்கும் நடுவில் பெட்டி உட்கார்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தெருவோரம் நின்றோம்.

ஆஸ்பத்திரியில் உடனே அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். தாடைக்கு அடியில் கீறி, சீழை வெளியேற்றக் குழாய் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சுக்குழாய் அடைச்சிருக்கும். படிச்சவங்கதானே நீங்க?" என்று அறுவை டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். திட்டு வாங்குவதற்கு என்னை விட்டால் அங்கே வேறு யார் இருந்தார்கள்?

மறுநாள் மூத்தார் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, தம்பி முகத்தைப் பார்க்காமல், மேலே தொங்கிய மருந்துப் பையையே பார்த்தார். சொட்டுச் சொட்டாக அது இறங்குவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எல்லாம் போச்சு" என்றார். போனது தம்பி இல்லை, தம்பி எதிரிலேயே கண்ணைத் திறந்து படுத்திருந்தார். அதன்பிறகு அவர் வரவில்லை. மேற்பார்வையாளர் அம்மாள் போன் செய்தார். தங்களுக்குப் பெரிய இழப்பு என்றார், இவருடைய சேவையை மறக்க மாட்டோம் என்றார். துக்கம் விசாரிக்கிற குரல்.

இவர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தார். நர்ஸ்தான் வந்தாள்.

குழாயை எடுத்த அன்று ஓர்ப்படி போன் செய்தாள். குரலில் அவ்வளவு மலர்ச்சி. அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"உனக்கு ஒரு நல்ல சேதி. நம்ம குட்டியோடதை எடுத்துச் சோதனைக்குக் குடுத்தோம். அப்படியே அப்பா வயிறாம். அதைவிட ஒருபடி மேலேன்னு அந்தம்மா சொல்றாங்க."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"இதுக்கெல்லாம் யாரைக் கேக்கணும்? கழுவி விடறதுதானே" என்றாள்.

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கட்டுப்போட்ட தாடையோடு அவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு கண்ணில் ஒளி வந்திருந்தது. பல்லைக் கடித்தபடியே, ஒவ்வொரு எழுத்தாக வெளியே தள்ளினார்.

"என் பொண்ணுல்ல."

அந்த நிமிஷம் அவரைத் தொடக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு கட்டிலை விட்டு விலகி, ஜன்னல் பக்கம் போனேன்.

"அக்கா, குழந்தைகிட்ட குடுங்க."

"தூங்கறா, எழுப்ப வேண்டாம். முந்தாநாள்லருந்து உடம்பு கொதிக்குது, தொண்டை வலின்னு ஒரே அழுகை. எதையும் முழுங்க மாட்டேங்கறா. நீ ஒண்ணும் பயப்படாதே, நான் கூடவே இருக்கேன். ஒரு மாத்திரைகூட குடுக்கலை."