இலந்தைக் கிளைக்கு ஓர் இருக்கை

டர்பன் ஆஸ்பத்திரியில் வெலாபி செத்துப்போன கட்டிலில் வேறொரு கிழவர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முஸி கால்மாட்டில் போய் நின்று, கையிலிருந்த முள் இலந்தைக் கிளையை மெத்தை ஓரத்தில் வைத்தான். கிழவர் கிளையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

"அண்ணனா?" என்றார். "பாத்துக் கூப்பிடு தம்பி. மாத்தி என்னயக் கூட்டிட்டுப் போயிடாத. எனக்கு வியாழக்கிழமை டிஸ்சார்ஜ்."

வேறு நாளாக இருந்தால் முஸி சிரித்திருப்பான். இப்போது பதில்கூடச் சொல்ல முடியாது. கிளையைக் கையில் எடுத்ததிலிருந்து அதை வீட்டில் கொண்டுபோய் வைக்கும்வரை, உயிரோடு இருக்கிற யாரிடமும் பேசக்கூடாது. பேசுவதெல்லாம் செத்தவனிடம்தான். உடம்பு வெள்ளிக்கிழமை வண்டியில் வரும்; அவன் ஆவியை அதற்கு முன்பே இந்தக் கிளையில் அழைத்து வந்துவிட வேண்டும்.

"ஒவ்வொரு திருப்பத்தையும் அவங்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும்" என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். "சொல்லாம விட்டா அவன் அங்கயே நின்னுடுவான்."

அம்மா, "எம்புள்ள உம்சாமோவுல வந்து உக்காரட்டும். அப்புறம் சாப்பிடுறேன்" என்றாள். இரண்டு நாளாக அவள் தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறாள்.

வெலாபி வருவானா என்பதுதான் முஸிக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவன், அம்மாவின் வட்டக் குடிசையில் பின்சுவரை ஒட்டி, முன்னோர்கள் அமரும் அந்த உம்சாமோவில் இருந்த பானைகளை எல்லாம் எடுத்து வெளியே வைத்தான். புதிதாக ஒரு சபையில் சேர்ந்திருந்தான். "இடம் வீணாக் கெடக்கு, அம்மாவுக்கு ஒரு கட்டிலாவது போடலாம்ல" என்று இரும்புக் கட்டிலை இழுத்துப் போட்டான். முஸி அவன் வாயிலேயே ஓங்கி அறைந்தான். வெலாபி உடைந்த பல்லைத் துப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவன், அதோடு வரவில்லை. அம்மா தானே கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுப் பானைகளைப் பழைய இடத்தில் வைத்தாள். அந்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

வார்டு வாசலில் அண்ணி தண்டெகிலே சபையின் வெள்ளைச் சட்டையில் நின்று கைகாட்டிக் கூப்பிட்டாள். கிளையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு முஸி அவளிடம் போனான்.

"எங்க சபையில இதெல்லாம் கெடையாது தம்பி" என்றாள். "ஆனா கூட்டிட்டுப் போங்க. நீங்க பேசக்கூடாதுன்னு தெரியும், நான் சொல்றத மட்டும் கேளுங்க. அந்தப் பல்ல அவரு கடைசிவரைக்கும் கட்டவே இல்ல. நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். தம்பி குடுத்தது, இருக்கட்டும்பாரு."

இதைக் கேட்டால் நெஞ்சு வலிக்க வேண்டும் என்று முஸிக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை. அண்ணியின் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டிலுக்குத் திரும்பி வந்து கிளையை எடுத்தான். "அண்ணே, எந்திரி. வீட்டுக்குப் போறோம்." குரல் டிக்கெட் கேட்பதுபோல வந்தது. "இது கதவு. இது படி. லிஃப்ட் வேலை செய்யல."

டர்பன் நிலையத்தில் வேன் ஓட்டுநர், முஸிக்குப் பக்கத்து இருக்கைக்கு யார் வருவது என்று கேட்டார். முஸி கிளையை அந்த இருக்கையில் வைத்தான். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். அதன்பிறகு யாரும் சத்தமாகப் பேசவில்லை. முஸி "பாலம்" என்றான். "கரும்புக் காடு" என்றான். அதற்கு மேல் வாய் வரவில்லை.

கிரேடவுனில் வண்டி மாற வேண்டும். நல்ல மழை. எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். முஸியும் கிளையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடி, ஊர்ப்பக்கம் போகும் துகேலா வேனில் ஏறினான். வண்டி மலையிறக்கத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணே, இறங்கு, வண்டி மாறுறோம் என்று சொல்லியிருந்தான்; ஆனால் மனசுக்குள். ஆறு வருடமாக அவனோடு சண்டை போட்டது, சமாதானம் பேசியது எல்லாமே மனசுக்குள்தான். அதே பழக்கத்தில் இதையும் அப்படியே சொல்லிவிட்டான்.

மடியில் இருந்தது வெறும் கிளை. பேசாமல் கொண்டுபோய் வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. அம்மாவும் சாப்பிட்டுவிடுவாள். அடுத்த வளைவு வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணாடியில் ஓங்கித் தட்டினான்.

"என்னய்யா?" என்று ஓட்டுநர் திரும்பினார். முஸி மடியிலிருந்த கிளையைக் காட்டிக் கையை விரித்தான்.

பின்னால் இருந்த பெண் புரிந்துகொண்டாள். "மாறும்போது சொல்லாம விட்டுட்டான் போல. கிரேடவுன்லயே நிக்கிறாரு பாவம்."

"எறங்கு, எறங்கு" என்று ஓட்டுநர் பிரேக் போட்டார். "காலிக் கிளைய ஏத்திக்கிட்டு நான் வர மாட்டேன்."

மழையில் மேட்டில் நடந்து, எதிரே வந்த காய்கறி லாரியில் ஏறிக் கிரேடவுன் போனபோது, அவர்கள் வந்த அதே வேன் டர்பனுக்குத் திரும்ப ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் ஏறிக் கதவை இழுத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் வெலாபி வந்த வழியே டர்பனுக்குப் போயிருப்பான். முஸி ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அந்த இருக்கையில் கோழிக்கூடையோடு ஒரு தடித்த பெண் உட்கார்ந்திருந்தாள்.

"யாரையாச்சும் விட்டுட்டியா?" என்றாள். அவன் கையைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

பதினைந்து பேர் பார்க்க, முஸி கிளையை இருக்கையில் வைத்தான்.

"அண்ணே, எறங்கு. இங்க வண்டி மாறணும். நான் சொல்லல, என் தப்பு." சட்டை முனையால் கிளையின் ஈரத்தைத் துடைத்தான். "எல்லாமே என் தப்பு. அங்க கட்டில் இல்ல, பானைதான் இருக்கு. உனக்கு அது புடிக்காது. ஆனா அம்மா சாப்பிடாமக் கெடக்கா. வாண்ணே."

கிளையை எடுத்தபோது பாரம் கூடியதாகவெல்லாம் தெரியவில்லை. முன்பு இருந்த அதே கனம்தான்.

சாயங்காலம் வீட்டை அடைந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். யாரும் அவனை விசாரிக்கவில்லை. முஸி செருப்பைக் கழற்றிவிட்டுக் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, பின்சுவரோரம் விரித்திருந்த பாயில் கிளையை வைத்தான். பானையில் சோள பீர் நுரைத்திருந்தது. சித்தப்பா முன்னோர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் வெலாபியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

"சரி, முஸி. வேலை முடிஞ்சுது. இனி நீ எங்ககூடப் பேசலாம்."

முஸி திரும்பவில்லை. "இந்தப் பக்கம் அப்பா" என்று கிளையிடம் சொன்னான். "அந்தப் பக்கம் தாத்தா. போன வருஷம் கூரை மாத்துனோம். தெற்குத் தோட்டத்துல கெணறு வெட்டுனோம், தண்ணி உப்பு. ஒத்தக்கொம்பு மாடு கன்னு போட்டுச்சு. உனக்குச் சொல்லணும்னு நெனச்சேன். ஃபோனக் கையில எடுத்தேன், அப்புறம் வச்சுட்டேன்."

சித்தப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் கையைத் தொட்டுத் தடுத்தாள். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மா எழுந்து சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, குடிசைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் உள்ளே போவதற்காக எழுந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "உள்ள ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்க."

பிறகு அடுப்படிப் பக்கம் போய், தட்டை எடுத்துக் கூழைப் போட்டுக்கொண்டாள்.